வேவ்கைட்டில் எதனோடு எது பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டவர் ஏறும் தம்பிமார், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள், பழைய டிஷ் சாமான்களைக் கழற்றிப் பூட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் என்று பலரும் என்னிடம் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் வேவ்கைட் பற்றியவை, அதாவது மைக்ரோவேவ் சிக்னலைக் கொண்டு போகும் உள்ளே வெறுமையான உலோகக் குழாய். சுற்றிச் சுற்றி “இந்தத் துண்டு அந்தத் துண்டோடு சேருமா” என்பதில்தான் வந்து நிற்கும். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. சேர், வேவ்கைட் எண்டா வெறும் நீள்சதுரக் குழாய்தானே? கேபிள் இருக்கக்குள்ள அது என்னத்துக்கு?

குழாய்தான். ஆனால் அதன் உள் அளவில்தான் எல்லாம் இருக்கிறது. கோஆக்சியல் கேபிளில் நடுக்கம்பியும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும் சக்தியைத் தின்னும். மீடிறன் ஏற ஏற அந்தத் தீனி கூடும். ஆர்ஜி-58 கேபிளில் 10 கிகாஹேர்ட்ஸ் சிக்னலை அனுப்பினால் ஒரு மீட்டருக்கு 2 டெசிபலுக்கு மேல் போய்விடும். அதே மீடிறனில் செம்பால் செய்த டபிள்யூஆர்-90 வேவ்கைட்டில் இழப்பு மீட்டருக்குச் சுமார் 0.11 டெசிபல்தான். இருபது மீட்டர் டவருக்கு இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், விளங்கிவிடும்.

2. டபிள்யூஆர்-90 இல வாற அந்த 90 என்ன? கிகாஹேர்ட்ஸா, மில்லிமீட்டரா?

இரண்டும் இல்லை. உட்புற அகலத்தை அங்குலத்தின் நூறில் ஒரு பங்காக எழுதிய எண் அது. 90 என்றால் 0.90 அங்குலம், அதாவது 22.86 மி.மீ. உயரம் 10.16 மி.மீ. டபிள்யூஆர்-75 என்றால் 0.75 அங்குலம், 19.05 மி.மீ. சில இடங்களில் எண்ணைச் சுருக்கி இருப்பார்கள்: டபிள்யூஆர்-62 இன் உண்மையான அகலம் 0.622 அங்குலம்.

எண் சிறுத்தால் குழாய் சிறுக்கும், அது கொண்டு போகும் மீடிறன் உயரும். இதை மனதில் வையுங்கள். நான்காவது கேள்வியில் இதற்கு நேர்மாறான ஒரு பெயர்முறை வருகிறது.

3. பெரிய குழாய்க்குள்ள சின்ன அலை போகும், சரி. சின்னக் குழாய்க்குள்ள பெரிய அலை ஏன் போகாது? கொஞ்சமாவது போகாதா?

குழாயின் அகலம் அரை அலைநீளத்தை விடக் குறைந்தால் அலையால் அதற்குள் நடக்க முடியாது. அந்த எல்லைதான் வெட்டு மீடிறன். கணக்கு மிகச் சுலபம்: 150 ஐ மில்லிமீட்டரில் உள்ள உள் அகலத்தால் பிரித்தால் கிகாஹேர்ட்ஸில் விடை வரும். 22.86 க்கு 6.56. 19.05 க்கு 7.87. 15.80 க்கு 9.49.

கொஞ்சம் போகாதா என்பது நல்ல கேள்வி. போகும், ஆனால் வழியிலேயே செத்துவிடும். டபிள்யூஆர்-90 குழாய்க்குள் 5 கிகாஹேர்ட்ஸைத் தள்ளினால் பத்துச் சென்ரிமீட்டர் தூரத்திலேயே சுமார் 77 டெசிபல் குறைந்துவிடும். எவ்வளவு வலுவான அனுப்பியைப் பூட்டினாலும் இதை வெல்ல ஏலாது.

மேல் எல்லையும் உண்டு. வெட்டு மீடிறனின் இரண்டு மடங்கில் இரண்டாவது ஒரு அலைவடிவமும் குழாய்க்குள் நடக்கத் தொடங்கும். இரண்டும் கலந்தால் மறுமுனையில் என்ன வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெட்டு மீடிறனின் 1.25 மடங்கிலிருந்து 1.9 மடங்கு வரையைத்தான் பாவிக்கச் சொல்வார்கள். டபிள்யூஆர்-90 க்கு அது 8.2 முதல் 12.4 வரை, 75 க்கு 10 முதல் 15 வரை, 62 க்கு 12.4 முதல் 18 வரை.

4. அண்ணன், ஒரு சாமானில டபிள்யூஜி16 எண்டு கிடக்கு, மற்றதில ஆர்100 எண்டு கிடக்கு. ரெண்டையும் பூட்டலாமா?

பூட்டலாம், உள்ளே இரண்டும் ஒன்றுதான். டபிள்யூஆர்-90 க்குப் பிரித்தானியர் வைத்த பெயர் டபிள்யூஜி16, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு வைத்த பெயர் ஆர்100. அதேபோல டபிள்யூஆர்-75 என்பது டபிள்யூஜி17, ஆர்120. டபிள்யூஆர்-62 என்பது டபிள்யூஜி18, ஆர்140. டபிள்யூஆர்-112 என்பது டபிள்யூஜி15, ஆர்84. டபிள்யூஆர்-137 என்பது டபிள்யூஜி14, ஆர்70. டபிள்யூஆர்-229 ஐ ஆர்40 என்பார்கள்.

‘ஆர்’ எண் குழாயின் அளவைச் சொல்லவில்லை, அது ஓடும் மீடிறனைச் சொல்கிறது. ஆர்100 என்றால் ஏறக்குறைய 10 கிகாஹேர்ட்ஸ். ஆகவே அந்த எண் ஏற ஏறக் குழாய் சிறுக்கும்.

இதைத் தெரியாமல் நானே ஒருமுறை பிழை விட்டேன். 7 கிகாஹேர்ட்ஸ் இணைப்பு ஒன்றுக்கு டபிள்யூஆர்-137 வளைவு ஒன்று தேவைப்பட்டது. விற்பவரின் பட்டியலில் ‘ஆர்’ எண்கள் மட்டுமே இருந்தன. 137 க்குக் கிட்ட 140 தானே என்று ஆர்140 ஐ எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் 15.80 மி.மீ. என்ற இலக்கம் இருந்தது. டபிள்யூஆர்-137 இன் உயரமும் 15.80 என்பதால் சரி என்றே நினைத்தேன். பெட்டியைத் திறந்தபோது 15.80 அதன் அகலமாக இருந்தது, உயரம் 7.90. இரண்டு கிழமை அந்த இணைப்பு நின்றது. அன்றிலிருந்து பெயரை மட்டும் எழுதி ஓடர் கொடுப்பதில்லை. உள் அகலம், உள் உயரம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

5. எண் ஒண்டும் அடிக்காத துண்டு கையில இருக்கு. என்ன அளவு எண்டு எப்படிப் பிடிக்கிறது?

வேர்னியர் இடுக்கிமானியின் உள்வாயால் உட்புறத்தை அளவுங்கள். வெளிப்புறத்தை அளந்து ஏமாறுபவர்கள் அதிகம். டபிள்யூஆர்-90 இன் வெளி அகலம் சரியாக ஒரு அங்குலம், 25.4 மி.மீ. அதை வைத்து ‘டபிள்யூஆர்-100’ என்று தேடியவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

உள் அகலம் 58.17 என்றால் 229, 34.85 என்றால் 137, 28.50 என்றால் 112, 22.86 என்றால் 90, 19.05 என்றால் 75, 15.80 என்றால் 62, 10.67 என்றால் 42, 7.11 என்றால் 28. நம் பக்கத்தில் கைக்கு வரும் சாமான் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். விளிம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் துடைத்துவிட்டு அளவுங்கள்.

6. 90 க்கும் 75 க்கும் வித்தியாசம் நாலு மில்லிமீட்டர் கூட இல்ல. நேராப் போட்டு இறுக்கினா என்ன?

இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் மீடிறனாக இருந்தால், அதாவது 10 க்கும் 12.4 க்கும் இடையில், சிக்னல் போகும். சேரும் இடத்தில் ஒரு படி இருப்பதால் ஒரு பங்கு தெறித்துத் திரும்பும். குழாய்களின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நிலை அலை விகிதம் (தெறிப்பைக் காட்டும் எண், தெறிப்பே இல்லாவிட்டால் 1) 12 கிகாஹேர்ட்ஸில் ஏறக்குறைய 1.25, 10.5 இல் 1.33. சக்தியில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்புகிறது. எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பெட்டி) ஒன்றைச் சோதித்துப் பார்க்க இது போதும்.

ஆனால் அனுப்பும் பக்கத்திலும், அளவீட்டு மேசையிலும், அதிகக் கொள்ளளவுள்ள இணைப்புகளிலும் இதைச் செய்யாதீர்கள். நீளமான குழாயின் இரு முனையிலும் இப்படிப் படி இருந்தால் தெறித்த அலை உள்ளே போய்வந்து எதிரொலியாகச் சேரும், பிட் பிழைகள் கூடும்.

90 க்கும் 62 க்கும் இந்தக் கதை வேண்டவே வேண்டாம். வாழைச்சேனைத் துறைமுகப் பக்கமிருந்து ஒருவர் 9.4 கிகாஹேர்ட்ஸ் படகு ரேடாருக்கு டபிள்யூஆர்-62 துண்டு பூட்டலாமா என்று கேட்டார். மூன்றாவது பதிலைப் பாருங்கள்: 62 இன் வெட்டு மீடிறன் 9.49. ரேடாரின் அலை அதற்குள் நுழையாது, திரும்பி, அலையை உண்டாக்கும் மக்னெட்ரோனில்தான் போய் அடிக்கும்.

7. அப்ப இடையில ஒரு டேப்பர் போட்டாச் சரியாகிடுமா?

தெறிப்புச் சரியாகும். டேப்பர் என்பது ஒரு அளவிலிருந்து மற்ற அளவுக்கு மெல்லச் சரிந்து போகும் துண்டு. குழாய்க்குள் இருக்கும் அலைநீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருந்தால் அலை மாற்றத்தை உணராது. இடம் குறைவென்றால் கால் அலைநீளப் படிகள் வைத்த குட்டை மாற்றியும் உண்டு, அது குறுகிய பட்டைக்குத்தான் நன்றாக வரும். குழாய்க்குள் அலைநீளம் வெளியில் இருப்பதை விட நீண்டது என்பதைக் கணக்கில் எடுங்கள். 10 கிகாஹேர்ட்ஸுக்கு வெளியே 30 மி.மீ., டபிள்யூஆர்-90 க்குள் 39.7 மி.மீ.

வெட்டு மீடிறனை எந்த டேப்பரும் மாற்றாது. குறுகிய பக்கத்தில் நடக்க முடியாத அலை, எவ்வளவு மெல்லக் கொண்டு போனாலும் அங்கே நின்றுவிடும்.

8. எங்கட ரேடியோ 7.5 கிகாஹேர்ட்ஸ். ஒரு ஆள் 112 எண்டுறார், மற்ற ஆள் 137 எண்டுறார். யார் சரி?

இருவரும் சரி. 137 இன் பட்டை 5.85 முதல் 8.2 வரை, 112 இன் பட்டை 7.05 முதல் 10 வரை. உங்கள் மீடிறன் இரண்டுக்குள்ளும் விழுகிறது. ரேடியோவின் வாயும் அன்ரனாவின் வாயும் எந்த அளவோ அதையே எடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் ஒரே ஒரு இடத்தில் டேப்பர் போடுங்கள், கீழே அறைக்குள் போட்டால் மழையில் நனையாது.

9. அளவு ஒண்டு, துளையும் நேராப் பொருந்துது. இனிப் பிரச்சினை இல்லத்தானே?

இருக்கலாம். ஒரே டபிள்யூஆர்-90 க்குள் பல பிளாஞ்ச்கள், அதாவது குழாயின் முனையில் துளை போட்டுப் பூட்டும் தட்டுகள், உண்டு. யூபிஆர் என்பது நான்கு துளையுள்ள 41.3 மி.மீ. சதுரத் தட்டு, அமெரிக்கப் பெயர் யூஜி-39. பிபிஆரில் கேஸ்கட் என்ற ரப்பர் வளையத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். சிபிஆர் (CPR) நீள்சதுரத் தட்டு, அதன் துளை வரிசை வேறு, மற்றவற்றோடு சேரவே சேராது. டபிள்யூஆர்-75 இன் சதுரத் தட்டு 38.1 மி.மீ., ஆகவே ஆறாவது கேள்வியில் சொன்ன சோதனைக்கும் இடைத்தட்டு ஒன்று கடைந்து எடுக்க வேண்டும்.

யூபிஆரில் நான்கு துளைகளும் கிட்டத்தட்ட சதுரமாக இருப்பதுதான் பெரிய பொறி. துளையைச் சற்றுப் பெருப்பித்தால் தொண்ணூறு பாகை திருப்பியும் பூட்டலாம். அப்படிப் பூட்டினால் ஒரு குழாயின் அகலம் மற்றதின் உயரத்துக்கு நேரே வரும், முனைவாக்கம் (அலையின் மின்புலம் அசையும் திசை) குறுக்கே விழும், ஒன்றும் போகாது. துளை இறுகினால் துளையிடும் கருவியைத் தேடாதீர்கள். கழற்றி, உள்வாய்களைக் கண்ணால் பாருங்கள். உண்மையாகவே திருப்ப வேண்டிய இடத்துக்கு ‘ட்விஸ்ட்’ என்ற முறுக்குத் துண்டு இருக்கிறது.

10. ஒரு பிளாஞ்சில ஆழமான வட்டப் பள்ளம், மற்றதிலயும் அதே. ரெண்டையும் முகத்துக்கு முகம் வைக்கலாமா?

பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் அது கேஸ்கட் பள்ளம். எக்ஸ் பட்டையில் (டபிள்யூஆர்-90 ஓடும் பட்டை) எட்டு ஒன்பது மி.மீ. ஆழம் இறங்கினால் அது சோக், ஆழம் கால் அலைநீளம். இரண்டு முகமும் முழுதாகத் தொடாவிட்டாலும், குழாயின் சுவர் தொடர்ந்து போவதாகவே அலைக்குத் தோன்றச் செய்வது அதன் வேலை. அது மட்டமான முகத்தோடு சேர்வதற்கென்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. ஒரு பக்கம் சோக், மறுபக்கம் மட்டம், இதுதான் சோடி. இரண்டு சோக்கைச் சேர்த்தால் அந்தக் கணக்குக் குழம்பும். மட்டத்தோடு மட்டம் தாராளமாகச் சேரலாம், முகங்கள் கீறல் இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும்.

11. கேஸ்கட் ரெண்டு தடிப்பில தந்திருக்காங்க. எதைப் போட?

சிபிஆர் பிளாஞ்சின் பெயருக்குப் பின்னால் ‘ஜி’ என்றால் பள்ளம் உண்டு, ‘எஃப்’ என்றால் மட்டம். ஜி-யும் ஜி-யும் சேர்ந்தால் முழுத் தடிப்பு. ஜி-யும் எஃப்-உம் சேர்ந்தால் அரைத் தடிப்பு. பிழைத்துத் தடிப்பானதைப் போட்டால் உலோக முகங்கள் தொடாமல் இடைவெளி வரும், அதற்குள்ளால் சிக்னல் ஒழுகும். மெல்லியதைப் போட்டால் தண்ணீர் புகும். நம் ஊரில் வாடைக்காற்றோடு மழை கிடையாக அடிக்கும் மாதங்களில் முதலில் விழுவது இந்த இடம்தான்.

12. அலுமினியத் துண்டையும் பித்தளைத் துண்டையும் சேத்தாச் சிக்னல் குறையுமா?

பூட்டிய அன்று குறையாது, இரண்டும் நன்றாகக் கடத்தும். ஆனால் கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ கடலுக்கு நேரே நிற்கும் டவரில் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்த மூட்டை ஒரு சிறு மின்கலம் ஆக்கிவிடும். அரிபடுவது அலுமினியம். முகத்தில் வெள்ளை மா போலப் பூக்கும், தொடுகை கெடும், தெறிப்பு ஏறும். கூடுமானவரை ஒரே உலோகமாக எடுங்கள். முடியாவிட்டால் கேஸ்கட்டைச் சரியாகப் போட்டு, வெளிப்புறத்தைத் தண்ணீர் புகாத டேப்பால் சுற்றி, மாரி தொடங்க முன்னம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

13. டவரில ஏறுற கறுப்புக் குழாய் நீள்சதுரம் இல்லையே, முட்டை வடிவமா இருக்கு. அதை எப்படி 137 ஓட சேக்கிறது?

அது நீள்வட்ட வேவ்கைட். நெளி நெளியான செம்பு, மேலே கறுப்புப் பிளாஸ்டிக். வளையும் என்பதால் மூட்டே இல்லாமல் ஒரே துண்டாக மேலே கொண்டு போகலாம். முனையில் அதற்கென்றே செய்த கனெக்டர் வேண்டும், நீள்வட்டத்திலிருந்து நீள்சதுரத்துக்கு மாறும் வேலை அதற்குள்ளேதான் நடக்கிறது. ஈடபிள்யூ63 குழாய்க்கு வழமையாகச் சிபிஆர்-137 முகமும், ஈடபிள்யூ77 க்குச் சிபிஆர்-112 முகமும் வரும். ஒரு குழாயின் கனெக்டரை மற்றதுக்குப் பிழிந்து ஏற்ற முயலாதீர்கள்.

இரண்டு திசையிலும் அதன் வளைவு எல்லை ஒன்றல்ல. ஒரு பக்கம் இறுக்கமாக வளையும், மறுபக்கம் அப்படி வளைக்க விடாது. உள்ளே உலர்ந்த காற்றைச் சிறு அழுத்தத்தில் நிரப்பி வைப்பார்கள். அழுத்தமானி விழுந்தால் எங்கோ ஒரு மூட்டு வாய் திறந்துவிட்டது.

14. டிஷ் எல்என்பியில வாய் வட்டமா இருக்கு. அளந்தா 40 மில்லிமீட்டர். அப்ப டபிள்யூஆர் என்ன?

அந்த 40 என்பது தாங்கி பிடிக்கும் கழுத்தின் வெளி விட்டம். உள்ளே இருக்கும் வட்ட வேவ்கைட் அதை விட மிகச் சிறியது. பிளாஞ்ச் வைத்த வகையில் அதைச் சி120 என்பார்கள், உள்விட்டம் 17.475 மி.மீ. வட்டத்துக்குக் கணக்கு வேறு: 175.7 ஐ விட்டத்தால் பிரியுங்கள், 10.05 கிகாஹேர்ட்ஸ் வரும். எல்என்பியின் பட்டை 10.7 இல் தொடங்குவதால் போதும்.

வட்டம் இரண்டு முனைவாக்கத்தையும் ஒன்றாகக் கொண்டு போகும், நீள்சதுரம் ஒன்றை மட்டும்தான். ஆகவே வட்டத்திலிருந்து டபிள்யூஆர்-75 க்கு மாற்றியைப் போட்ட உடனே மற்ற முனைவாக்கத்தை இழக்கிறீர்கள். இரண்டும் வேண்டுமென்றால் அவற்றைப் பிரிக்கும் ஓஎம்டி வேண்டும்.

15. டபிள்யூஆர்டி-750 எண்டு ஒரு அடப்டர் மலிவா வருது. 75 க்குப் போடலாமா?

கூடாது. கடைசியில் இருக்கும் ‘டி’ என்பது மேலும் கீழும் முகடு வைத்த வேறு இன வேவ்கைட். 750 என்றால் அகலம் அல்ல, 7.5 கிகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது என்று பொருள். அது 18 வரை ஒரே குழாயில் போகும், ஆனால் அதனோடு அதே இனத்தைத்தான் பூட்ட வேண்டும்.

16. டபிள்யூஆர்-90 க்கு 12.4 தானே எல்லை. 12.7 ஐ அனுப்பினா என்ன நடக்கும்?

குழாயில் ஒன்றும் நடக்காது. மூன்றாவது பதிலில் சொன்ன இரண்டாவது அலைவடிவம் 13.1 இல்தான் தொடங்கும், ஆகவே 12.7 தனியாகவே போகும். ஆனால் குழாயில் பூட்டிய ஐசொலேற்றர், கப்ளர், கேபிள் அடப்டர் ஆகியவை 12.4 வரைக்கும்தான் உத்தரவாதத்தோடு வருகின்றன. வெறும் குழாய் என்றால் பயப்படாதீர்கள். அளவீடு என்றால் 75 க்கு மாறுங்கள்.

17. எல்லாம் ஒண்டு, அளவு, பிளாஞ்ச், திசை, கேஸ்கட். எண்டாலும் சிக்னல் இல்ல. இப்ப என்ன செய்ய?

முதலில் கருவியின் பட்டையைப் பாருங்கள். வாய் டபிள்யூஆர்-75 என்பதால் உள்ளே இருக்கும் வடிகட்டியும் உங்கள் மீடிறனை விடும் என்று இல்லை. மைக்ரோவேவ் இணைப்புகளில் ஒரு முனைக்கு மேல் பட்டை, மறுமுனைக்குக் கீழ்ப் பட்டை என்று, அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரிக்கும் டுப்ளெக்சர் மாறி வரும். இரண்டு பெட்டியும் வெளியே ஒரே மாதிரி இருப்பதால் மாறிப் பூட்டிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் சரியென்றால் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும், அல்லது குளவி மண்கூடு கட்டியிருக்கும். நான் திறந்து பார்த்தவற்றில் இது அடிக்கடி கண்டது. உலர்த்தி, மென்மையான துணியால் துடைத்து எடுங்கள். கம்பியால் சுரண்டினால் உட்சுவர் கீறுப்படும். அனுப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, கண்வில்லை சூடாகிக் கெட்டுப்போகும். சுவிச்சை அணைத்து, பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். கழற்றி வைக்கும் துண்டு எதுவானாலும் இரண்டு வாயையும் அப்போதே டேப்பால் மூடிவிடுங்கள், குளவி நாள் பார்த்து வருவதில்லை.